புரதம் ஏறிய ஸ்டேஷன்

ஒவ்வொரு ரயில்வே ஸ்டேஷனிலும் பயணிகளுக்கென்று ஒரு புகார்ப் புத்தகம் இருக்கும். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பட்டாபிராமன், யாரும் கேட்காமலேயே தம் வீட்டிலும் அப்படி ஒன்றை வைத்திருந்தார்.

நீளவாட்டில் பைண்டு செய்த தடி நோட்டு. பக்கத்துக்கு ஐந்து பத்தி: தேதி, நேரம், புகார், எடுத்த நடவடிக்கை, கையொப்பம். முதல் மூன்றையும் அவர் நிரப்புவார். மற்ற இரண்டும் அவர் மனைவி வாலாம்பாளுடையவை. இங்கிலீஷில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் அந்த மனிதர், இந்த ஒரு புத்தகத்தை மட்டும் தமிழில் எழுதினார். சம்பந்தப்பட்ட ஊழியருக்குப் புரியாத புகாரால் என்ன பிரயோசனம் என்பது அவர் கட்சி.

"காலை 6.10. காப்பியில் சூடு போதாது." "பகல் 12.25. வெண்டைக்காய் வழவழ." "மாலை 5.40. வாசல் கதவு தாழ் இடப்படவில்லை. மாடு எட்டிப் பார்த்தது." இவை ஒவ்வொன்றுக்கும் எதிரே வாலாம்பாள், "இனி கவனிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். கல்யாணமான இரண்டாம் வருஷம், நஞ்சன்கூடு குவார்ட்டர்ஸில் ஆரம்பித்தது. அரசிகெரே, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று மாற்றலாகிப் போன இடமெல்லாம் புத்தகமும் போயிற்று. ஓய்வு பெற்று மைசூர் யாதவகிரியில், ரயில் சத்தம் காதில் விழுகிற தூரமாகப் பார்த்து வீடு கட்டிக்கொண்டு வந்தபோது, இரும்புப் பெட்டிக்குள் ஏழு புத்தகம் சேர்ந்திருந்தது. இப்போது ஒன்பது.

இதைக் கேட்டு வாலாம்பாளைப் பாவம் என்று நினைக்க வேண்டாம். அவள் ஒரு நாளும் அழுததில்லை. அவளுக்கு இருந்தது வேறு ஒரு நப்பாசை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தபோது ஒரு நாள் அவர் ஸ்டேஷன் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கோயிலுக்கு வந்த எவரோ ஒரு பயணி, பிள்ளைத்தாய்ச்சியான தன் பெண்ணுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வெயிட்டிங் ரூமைத் திறந்துவிட்டு, வெந்நீரும் கொடுத்தனுப்பினார் என்று நாலு வரி நன்றி எழுதியிருந்தார். அதைப் பட்டாபிராமன் மூன்று தடவை வாய்விட்டு வாசித்தார். புகார்ப் புத்தகத்தில் நல்ல வார்த்தையும் எழுதலாம் என்பது வாலாம்பாளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். அன்று முதல் ஒவ்வொரு சாயங்காலமும் கையெழுத்துப் போடப் புத்தகத்தைத் திறக்கும்போது, இன்றைக்கு ஒருவேளை என்று அவள் மனசு ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடங்கும்.

எண்பத்துநாலில் புத்தகம் தடுமாற ஆரம்பித்தது. ஒரே புகார் ஒரே நாளில் மூன்று தடவை வந்தது. செய்யாத அவியலில் உப்பில்லை என்று வந்தது. ஒரு நாள் தேதியில் 1961 என்று இருந்தது. பச்சைக் கொடியை ஒளித்து வைத்துவிட்டாய் என்று ஒரு வாரம் அவளோடு மல்லுக்கு நின்றார். கொடியை ரிடையரான அன்றே ஒப்படைத்தாயிற்று. அப்புறம் ஒரு நாள் புகார் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாளும் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த பிள்ளை ஜகதீசன், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாலாம்பாள் வாசலில் நின்று, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். என்ன செய்கிறது என்று கேட்டான். மூன்று நாளாகப் புகாரே இல்லை என்றாள். அவன் சிரித்தான். அந்த வாரக் கடைசியில் அப்பா அவனைப் பார்த்து, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்ட பிறகு அவனும் சிரிக்கவில்லை.

இரண்டு வருஷம் அங்கே இங்கே காட்டிவிட்டு, எண்பத்தாறு தொடக்கத்தில் டாக்டர் நஞ்சுண்டசாமியிடம் போனார்கள். அவர் பெங்களூரில் மூளை வைத்தியம் படித்துவிட்டு, பக்கத்து ஒண்டிக்கொப்பலில் புதிதாகப் போர்டு மாட்டியிருந்தார். இளம் வயசு, தான் படித்ததையெல்லாம் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு இன்னும் போகாத வயசு. பட்டாபிராமனிடம் இன்றைக்கு என்ன கிழமை, பிரதம மந்திரி யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றெல்லாம் கேட்டார். கேள்வி கேட்கும் அதிகாரம் உங்களுக்கு யார் கொடுத்தது என்று பட்டாபிராமன் திருப்பிக் கேட்டார். அது ஒன்றுதான் அன்று அவர் சரியாகப் பேசியது.

பிறகு டாக்டர் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் பிரித்து ஒரு படத்தைக் காட்டினார். இதே நோயில் இறந்துபோன ஒருவருடைய மூளையை மெல்லிய சீவலாகச் சீவி, வெள்ளி உப்பில் சாயமேற்றி, பூதக்கண்ணாடியில் வைத்து எடுத்த படமாம். அங்கங்கே கறுப்புத் திட்டுகள். வாலாம்பாள் கண்ணுக்கு அது தேய்க்காத தோசைக்கல் மாதிரி இருந்தது. எல்லோர் உடம்பிலும் இருக்கிற ஒரு புரதம்தான் இது என்றார் டாக்டர். சிலருக்கு அது தப்பாகத் துண்டுபட்டு, துண்டோடு துண்டு ஒட்டி, நரம்பணுக்களுக்கு நடுவில் கட்டி கட்டியாகப் படிந்துவிடுகிறது. அணுக்களுக்கு உள்ளே இன்னொரு புரதம், சிக்கு விழுந்த நூல் மாதிரி முறுக்கிக்கொள்கிறது. கட்டி எதனால் ஆனது என்பதையே இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைக் கரைக்க மருந்து கிடையாது.

பால் திரிகிற மாதிரியா என்று வாலாம்பாள் கேட்டாள். ஏறக்குறைய அப்படித்தான், திரிந்தது திரும்பாது என்றார் டாக்டர். அப்படியானால் பருப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் சொன்னார். ஆனாலும் ஜகதீசன் ஒரு வாரம் சாம்பாரைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது டாக்டர் ஆறுதலாக ஒன்று சொன்னார். வந்தவர்கள் எல்லோருக்கும் சொல்வதுதான். கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்.

"நோடி அம்மா, பாருங்க, அவர் என்ன பேசினாலும் மனசுல வெச்சுக்காதீங்க. எதிர்த்துப் பேசவும் வேண்டாம். பேசறது அவரில்லை. அந்தப் புரோட்டீன் பேசுது."

மற்றவர்கள் இதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாலாம்பாள் முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். எந்த வண்டியும் ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஏதோ ஒரு நேரத்துக்குக் கிளம்பித்தான் வந்திருக்க வேண்டும் என்பது அவள் ரத்தத்தில் ஊறிப்போனது. வாசற்படி வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

"இந்தப் புரோட்டீன் எப்போ ஏறித்து, டாக்டர்?"

டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையைச் சொறிந்துகொண்டார். "அது யாருக்கும் சரியா கொத்தில்லம்மா, தெரியாது. வெளியில தெரியறதுக்குப் பத்து வருஷம், இருபது வருஷம் முன்னாலேயே படிய ஆரம்பிச்சிருக்கலாம்னு சில பேர் நினைக்கறாங்க."

"இருபதா?"

"இருக்கலாம்."

இவருக்கு அந்த நோய்தான் என்பதே என் ஊகம், மூளையைச் சீவிப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும், அதற்கு முதலில் அவர் இருக்கக்கூடாது என்றும் டாக்டர் சொன்னார். அந்தப் பகுதி வாலாம்பாள் காதில் ஏறவில்லை. இருபது என்ற எண் மட்டும் அவளோடு ஆட்டோவில் வீடு வரைக்கும் வந்தது.

மறுநாள் மத்தியானம் பட்டாபிராமன் தூங்கும்போது இரும்புப் பெட்டியைத் திறந்தாள். எண்பத்துநாலில் வெளியே தெரிந்தது. இருபதைக் கழித்தால் அறுபத்துநாலு. நாலாவது புத்தகத்தில் அறுபத்துநாலாம் வருஷப் பொங்கலுக்கு மறுநாள், "சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கருகல்" என்பதற்கு அடியில் ஜகதீசனுடைய பென்சிலால் ஒரு கோடு கிழித்தாள். கோட்டுக்கு மேலே அவர். கோட்டுக்குக் கீழே புரதம்.

கிழித்து முடித்ததும் அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஐந்தரைப் புத்தகம் ஒரே கோட்டில் அவளை விட்டுப் போய்விட்டது. ஜகதீசனுடைய பூணூல் கல்யாணத்தில், நூறு பேர் சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போன சமையலுக்கு, "பாயசம் இரண்டாம் பந்திக்கு நீர்த்தது" என்று எழுதியது புரதம். மைசூர் ராஜ்யத்துக்குக் கர்நாடகா என்று பெயர் வைத்த நவம்பரில், "மாநிலத்தின் பெயரே மாறிவிட்டது. இந்த வீட்டு சாம்பார் மட்டும் மாறவில்லை" என்று எழுதியதும் அதுதான். அன்று முழுக்க அவள் யாரோடும் பேசாமல் இருந்தாள். இப்போது படிக்கும்போது சிரிப்பு வந்தது. கட்டியாகப் படிகிற புரதமாக இருந்தாலும் கொஞ்சம் விஷயம் தெரிந்த புரதம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

நடுவில் எழுபத்தொன்றாம் வருஷம் வந்தது. ஆவணி மாசம் ஒரு வியாழக்கிழமை. அவளுடைய அம்மா காலமானதாகத் தந்தி வந்த நாள். தந்தி ஸ்டேஷனுக்குத்தான் வந்தது. அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அன்று உலை கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்தது, சாதம் குழைந்தது, ரசமே வைக்கவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் மோரைக் கரைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். புத்தகத்தில் தேதி போட்டு, நேரம் போட்டு, மூன்று வார்த்தை எழுதியிருந்தார். "இன்று புகார் இல்லை."

ஒன்பது புத்தகத்தில் அந்த மாதிரி அது ஒன்றுதான். நல்ல வார்த்தை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் நல்ல வார்த்தைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற வார்த்தை. ஊர் மாறும்போதெல்லாம் அந்தப் புத்தகத்தை மட்டும் அவள் புடவைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருவாள். அது கோட்டுக்கு இந்தப் பக்கம், புரதத்தின் பக்கம் கிடந்தது.

வாலாம்பாள் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அறுபத்துநாலுக்குப் போய் ரப்பரால் கோட்டை அழித்தாள். எழுபத்தொன்றாம் வருஷம், ஆவணி வியாழக்கிழமைக்கு அடியில் புதுக்கோடு போட்டாள். அப்படிப் போட்டதும் அறுபத்துநாலிலிருந்து எழுபத்தொன்று வரைக்கும் உள்ள புகார்கள் எல்லாம், பூணூல் கல்யாணப் பாயசம் உட்பட, மறுபடியும் அவர் சொன்னவையாக அவளிடமே திரும்பி வந்தன. போகட்டும் என்று ஏற்றுக்கொண்டாள்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, இருபது என்பது பதின்மூன்றாக இருக்கலாமா என்று கேட்டாள். இருக்கலாம் என்றார் அவர். பதின்மூன்று வருஷமும் ஆவணி மாசத்திலிருந்து மேலே சொச்சமும் என்றாள். டாக்டர் ஜகதீசனைப் பார்த்தார். ஜகதீசன் சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்தான்.

இப்படி ஒரு கோட்டைப் போட்டு நிம்மதியாக இருந்தவளுக்கு, அந்த வருஷக் கடைசியில் ஒரு நாள் பகல் புதுச் சங்கடம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்த பட்டாபிராமன், தட்டு வைத்தவளை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து நின்றார். மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"புதுசா வந்திருக்கற சமையல் மாமி நீங்கதானா? உக்காருங்கோ. ஆத்துல மாமி இல்லே, ஊருக்குப் போயிருக்கா. ஒங்களுக்கு என்ன வேணும்னாலும் என்னைக் கேளுங்கோ."

எதிர்த்துப் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாலாம்பாள் ஆமாம் என்று தலையாட்டினாள். முப்பத்தெட்டு வருஷமாக அவளை 'இந்தா', 'ஏய்' என்பதற்கு மேல் அவர் கூப்பிட்டதில்லை. 'நீங்கள்' என்ற சொல் அந்த வாயிலிருந்து அவளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ரசத்தை இரண்டு கை வாங்கிக் குடித்துவிட்டு, "பேஷ் மாமி, ரொம்ப நன்னா இருக்கு" என்றார்.

பாத்திரம் தேய்க்க வரும் மாதேவி, மாநில எல்லையை ஒட்டிய ராமாபுரத்துக்காரி. இரண்டு நாள் இதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்றாம் நாள் தாங்கவில்லை.

"ஏனுங்கம்மா, முப்பத்தெட்டு வருசமா ஆக்கிப் போட்டீங்கொ. இப்பத்தான் வேலைக்கே சேத்திக்கிட்டாருங்களா? எதுக்கும் சம்பளத்தைப் பேசிக்கோங்க."

வாலாம்பாள் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் பேஷ். கூட்டு பேஷ், தோசை முறுகல் பிரமாதம், மாமி கைக்குத் தங்கக் காப்பு போடலாம். கேட்கக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே டாக்டரின் வார்த்தையும் வந்து நின்றது. பேசுவது அவரில்லை. கொடியை ஒளித்துவிட்டாய் என்று கத்தியது புரதம் என்றால், காப்பு போடலாம் என்பது மட்டும் யார்? திட்டுக்கு ஒரு கோடு, மெச்சுதலுக்கு ஒரு கோடு என்று போட அவளுக்கு நியாயம் இடம்கொடுக்கவில்லை. அதோடு இவர் மெச்சுவது வேறு ஒருத்தியை. எத்தனை பேஷ் வந்தாலும் அது அந்த மாமியின் பேரில்தான் வரவு விழுகிறது. ஊருக்குப் போயிருப்பவள் பேரில் ஒன்றுமில்லை.

ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டாள். அவர் மோர் சாதத்துக்கு வந்திருந்தார். கேட்க அதுதான் நல்ல சமயம்.

"ஒங்காத்து மாமி எப்படிச் சமைப்பா?"

பட்டாபிராமன் கையை நிறுத்தினார். முகத்தில் பழைய ஸ்டேஷன் மாஸ்டர் வந்து உட்கார்ந்தார்.

"அது ஸ்டாஃப் விஷயம் மாமி. வெளி மனுஷாகிட்டே பேசப்படாது."

"சும்மாத்தான் கேட்டேன்."

"வாயால சொல்றதுக்கெல்லாம் ரயில்வேயிலே மதிப்பே கிடையாது. எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணும்."

அந்தப் பதிலில் வாலாம்பாளுக்கு ஒரு வழி திறந்தது. புத்தகம் இரண்டு வருஷமாகத் தூங்குகிறது. எழுதத்தானே வேண்டும்? எழுதட்டும். கைப்பழக்கமாகச் செய்த காரியங்கள் கடைசி வரைக்கும் நிற்கும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். பேச்சில் ஏறிய புரதம் கைக்கு இறங்க நாளாகும் போலிருக்கிறது. ஒருவேளை அந்தச் சமையல் மாமியைப் பற்றியாவது, நேரம் போட்டு, ஒரு நல்ல வரி எழுதிவிட்டால்? மாமியின் கையும் தன் கையும் ஒன்றுதானே. அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் ரசத்துக்குப் புளியை ஊற வைக்கும்போதே அவள் கவனம் சமையலில் இல்லை. ஒன்பதாவது புத்தகத்தைத் துடைத்து, பேனாவில் மசி நிரப்பி, மேஜை மேல் தயாராக வைத்தாள். அவர் சாப்பிட்டார். பேஷ் என்றார். கையலம்பி வந்ததும், "எழுதறேளா?" என்று புத்தகத்தை நகர்த்தினாள்.

புத்தகத்தைக் கண்டதும் அவர் முதுகு நிமிர்ந்ததை அவள் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பொத்தானைக்கூடத் தப்பாகப் போடுகிற விரல்கள், பேனாவைப் பிடித்ததும் ஒரு நடுக்கமில்லாமல் எழுதின. அவர் எழுதுகிற வரைக்கும் வாலாம்பாள் சமையலறை நிலைப்படியில் நின்றாள். கிட்டப் போய்ப் பார்க்கத் தைரியமில்லை. எழுதி முடித்து, மூடியைத் திருகி, புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"பகல் 12.40. புதிய சமையல் மாமியின் ரசத்தில் புளி தூக்கல். வாலாம்பாள் கைப்பக்குவம் இந்த அம்மாளுக்கு வராது. அவள் ஊரிலிருந்து திரும்பும் வரை வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டியது."

வாலாம்பாள் அதை மூன்று தடவை படித்தாள். வாய்விட்டுப் படிக்கவில்லை. பிறகு, வாயால் நன்றாக இருக்கிறது என்றீர்களே என்று கேட்டாள்.

பட்டாபிராமன் கூச்சப்பட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கோ மாமி. நம்மளை நம்பி வந்த வெளி மனுஷா மனசு நோக முகத்துக்கு நேர பேசப்படாது. இது ரெக்கார்டு. ரெக்கார்டுல உள்ளதைத்தானே எழுதணும்?"

ஆக, இத்தனை நாள் வந்த பேஷெல்லாம் மரியாதைக்கு. அவள் அடுப்பங்கரைக்குப் போய் ரசத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தாள். புளி தூக்கல்தான்.

சாயங்காலம் ஜகதீசன் வந்ததும் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள். அவன் படித்தான். பிறகு தேதியைக் கவனித்தான். அப்பா 14.3.1958 என்று போட்டிருந்தார்.

"நல்லதாப் போச்சும்மா. தேதிப்படி பார்த்தா இது ஒன் கோட்டுக்கு மேலதான் வர்றது. அம்பத்தெட்டுல ஏது புரோட்டீன்? இது அப்பாவே எழுதினது. எதையும் அழிக்க வேண்டாம், பழைய கோடு அப்படியே இருக்கட்டும்."

அவன் பாதி கேலியாகத்தான் சொன்னான். ஆனாலும் அதில் ஒரு சௌகரியம் இருந்தது. நல்ல வரியும் கிடைக்கும். எழுபத்தொன்றுக்குப் பிறகு வந்த புகார்களும் அவள் தலையில் விழாது. வாலாம்பாள் அதை ஒரு நிமிஷம் யோசித்தது உண்மைதான்.

"தப்புத் தேதி போட்ட ரெக்கார்டு செல்லாது" என்றாள்.

பேனாவை எடுத்து, 14.3.1958-ஐ ஒரே கோட்டால் அடித்து, அதற்கு மேலே அன்றைய தேதியை எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டாள். தப்பைத் திருத்தும் முறை அதுதான், அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். பிறகு பெட்டியைத் திறந்து, எழுபத்தொன்றாம் வருஷத்துக் கோட்டைத் தடம் தெரியாமல் அழித்தாள். ஒன்பதாவது புத்தகத்துக்கு வந்து, அன்று மத்தியானம் எழுதிய வரிக்கு அடியில் கோடு போட்டாள்.

ஜகதீசன் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்படின்னா நடுவுல இருக்கறதெல்லாம்? சாம்பார், வெண்டைக்காய், கொடியை ஒளிச்சு வெச்சே…"

"அதுவும் அவர்தான்."

"டாக்டர் ஒத்துக்க மாட்டார்."

"அவர்தானே சொன்னார், சீவிப் பார்க்காம நிச்சயமாச் சொல்ல முடியாதுன்னு?"

அன்று காதில் ஏறவில்லை என்று நினைத்தது எங்கேயோ ஏறித்தான் இருந்திருக்கிறது. எழுபத்தொன்றுக்குப் பிந்திய புத்தகமெல்லாம், ஆறிப்போன காப்பியும் மாறாத சாம்பாருமாக அவளிடம் திரும்பி வந்து சேர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்தால், தொலைந்துபோன சாமான் பார்சல் ஆபீஸில் கிடைத்தவள் மாதிரி இருந்தது என்று மாதேவி மறுநாள் அடுத்த தெருவில் போய்ச் சொன்னாள்.

உள்ளேயிருந்து பட்டாபிராமன், "மாமி, காப்பி ஆச்சா?" என்று மரியாதையாகக் கேட்டார். இதோ என்று குரல் கொடுத்துவிட்டு, வாலாம்பாள் மிச்சமிருந்த இரண்டு பத்திகளைப் பார்த்தாள். நடவடிக்கை என்ற பத்தியில், "இனி கவனிக்கிறேன்" என்று வழக்கம்போல எழுதினாள். கையொப்பத்துக்கு வந்தபோது பேனா நின்றது. புகார் யார் மேலோ அவர்தான் கையெழுத்திட வேண்டும். யோசித்து, 'சமையல் மாமி' என்று எழுதினாள்.

வாலாம்பாள் ஊரில் இல்லை. அவள் பேரில் இன்று புகாரும் இல்லை.